ஆறு ஓட்டைச் சக்கரம்

என் மாமனார் முகத்தில் நடுவே ஒரு பெரிய ஓட்டையும், அதைச் சுற்றி ஆறு சின்ன ஓட்டைகளும் போட்டது நான்தான். அவர் இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. ‘கண்ணீர் அஞ்சலி’ என்று ஆளுயரத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனர் மழைக்கு விறகு மூடிக் கிடந்தது. அதை எடுத்துத் தரையில் விரித்து, எங்கள் வண்டியின் சக்கரத்திலிருந்து டயரைக் கழற்றிய வெறும் இரும்பு டிஸ்க்கை அதன்மேல் கவிழ்த்து, கரிக்கட்டியால் சுற்றிக் கோடு இழுத்து, கத்தரிக்கோலால் வெட்டினேன். நடு ஓட்டை சரியாக அவர் மூக்கில் விழுந்தது.

“எங்கப்பன் மூஞ்சிதான் கெடச்சுதா ஒனக்கு?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“இருந்தப்ப ஒண்ணுத்துக்கும் ஒதவல. செத்தாவது ஒதவட்டும்” என்றேன்.

அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதுமே ஒன்றும் சொல்லமாட்டார். அதனால்தான் எங்கள் வீட்டில் சொல்ல வேண்டியதையெல்லாம் நான் ஒருத்தியே சொல்லும்படி ஆயிற்று. வாய்க்காரி என்று பெயரும் வந்தது.

எங்கள் பிழைப்பு ஒரு பழைய பிக்கப் வண்டி. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு. பின்சக்கரம் இரட்டையாக இருப்பது பாரத்துக்காக. வெளிச்சக்கரம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். உள்சக்கரம் அதன் முதுகுக்குப் பின்னால் மறைந்து பாதிச் சுமையைத் தாங்கும். என் வீட்டுக்காரர் ஓட்டுவார். லோடுமேன் ஒருவன் ஏற்றி இறக்குவான். காலை ஷிப்டுக்கு முன்னால் நிலக்கரி மைன்ஸுக்குள் வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் கேன்களும் சாமான்களும் கொண்டுபோய் இறக்குவது எங்கள் கான்ட்ராக்ட். வருடத்துக்கு ஒருமுறை வண்டியைப் பரிசோதிப்பார்கள். ஆறு சக்கரமும் ஒரு ஸ்டெப்னியும் ஒரே அளவில், விரிசல் இல்லாமல் இருந்தால்தான் கேட் பாஸ். இல்லையென்றால் புது வண்டி வாங்கி வைத்துக்கொண்டு எப்போது எப்போது என்று காத்திருக்கும் ஆளுக்குக் கான்ட்ராக்ட் போய்விடும்.

அந்த வருடம் பரிசோதனைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது இரண்டு டிஸ்க்கில் விரிசல் கண்டது. போல்ட் ஓட்டையிலிருந்து போல்ட் ஓட்டைக்கு, காய்ந்த ஏரியில் வெடிப்பு ஓடுவது போல் ஓடியிருந்தது. இந்த வண்டி எப்போதோ டவுன்ஷிப்பில் ஏலத்துக்கு வந்தது. செய்த கம்பெனியே அந்த மாடலை மறந்துவிட்டது. டயர் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். டிஸ்க் கிடைக்காது.

அந்த ஃப்ளெக்ஸ் துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அலைந்தேன். வடலூரில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு காயலான் கடை. அந்தக் கடைக்காரர் மாமனார் முகத்தை ஒரு குவியல் மேல் விரித்துப் பார்த்து, “ஆறு ஓட்டை இருக்குதும்மா. ஆனா நடு ஓட்டை சின்னது. ஒங்க வண்டி அச்சு முனையில, ஹப்புல ஏறாது” என்றார். குள்ளஞ்சாவடியில் கிடைத்ததற்கு நடு ஓட்டை பெரியது. காடாம்புலியூரில் பலாப்பழ லோடு அடிக்கிற ஒருவரிடம் இதே மாதிரி வண்டி இருக்கிறது என்று சொன்னார்கள். அங்கே போய்ப் பார்த்தால் அவர் வண்டிக்கு எட்டு ஓட்டை. வாசலில் பழத்தை அறுத்து வைத்திருந்தவர், முதலில் பேனரைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று செருப்பைக் கழற்றினார். சாவு சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

குள்ளஞ்சாவடி டிஸ்க் இரண்டை என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் வாங்கி வந்து மாட்டினார். “ஆறு ஓட்டையும் உக்காந்துச்சி. நட்டு இறுக்கிட்டா எங்க போவப் போவுது” என்றார். நடு ஓட்டை பெரிதாக இருந்ததால் சக்கரம் ஹப்பில் உட்காராமல் போல்ட்டிலேயே தொங்கியது. டிஸ்க்கின் வளைவும் வேறு. உள் டயரும் வெளி டயரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடி, டவுன்ஷிப் ஆர்ச் கேட்டைத் தாண்டுவதற்குள் புகை வந்தது. புத்தம் புதிய டயர் இரண்டின் பக்கவாட்டும் தேய்ந்து நூல் தெரிந்தது.

“ஓட்டை சரியா இருந்தா போதும்னு மாட்டிட்டீங்க. நம்ம கல்யாணமும் அப்படித்தான் நடந்துச்சி” என்றேன். லோடுமேன் எதிரிலேயே சொன்னேன். என் வீட்டுக்காரர் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். காது சிவந்தது, கை நிற்கவில்லை.

இவ்வளவும் எதற்கு என்றால், அதே வண்டி, அதே ஆறு ஓட்டை, அதே நடு ஓட்டை, எங்களுக்கு எட்டின தூரத்திலேயே இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதைதான். அந்த ஏலத்தில் வந்தது இரண்டு வண்டி. ஒன்றை நாங்கள் எடுத்தோம். ஸ்டெப்னி இல்லாத இன்னொன்றை என் அண்ணன் எடுத்தான்.

அண்ணனும் நானும் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. எங்கள் நிலம் மைன்ஸுக்குப் போனபோது வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். அந்தக் காகிதத்தில் யார் பெயரை எழுதுவது என்று எங்கள் அப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அண்ணன் பெர்மனென்ட் ஆனான், பெரிய பெரிய வண்டியெல்லாம் ஓட்டினான், டவுன்ஷிப் பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கான்ட்ராக்ட். நாங்கள் இருப்பது நிலம் போனவர்களுக்குக் கொடுத்த மாற்றுக் குடியிருப்பில். “பொண்ணுக்கு எதுக்குப்பா பங்கு, கட்டிக்கினு போறவன் பாத்துக்குவான்” என்று அன்றைக்குச் சொன்னது அப்பா இல்லை, அண்ணன். அதை நான் மறக்கவில்லை. மறக்கிற மாதிரி அவன் நடந்துகொள்ளவும் இல்லை.

அந்த வருடம்தான் அவனுக்கு வாதம் அடித்தது. வலது கை, வலது கால், பாதி வாய் போயிற்று. குவார்ட்டர்ஸ் முன்னறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு, பக்கத்து இடத்தில் நிற்கும் தன் பிக்கப்பையே பார்த்துக்கொண்டு கிடந்தான். கால் வந்ததும் ஓட்டுவானாம். வெள்ளிக்கிழமை தோறும் அண்ணியை வண்டியைக் கழுவச் சொல்வான். கழுவி, கற்பூரம் காட்டி, அப்புறம் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டச் சொல்வான். காற்று இருக்கிறதா இறங்கிவிட்டதா என்று டிரைவர்கள் தட்டிப் பார்ப்பார்களே, அதேதான். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஆறு தட்டையும் கேட்பான். ஆறும் கேட்ட பிறகுதான் காபி குடிப்பான்.

பரிசோதனைக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்த வீட்டுப் படியேறினேன். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிப் போனேன். அவன் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

“ண்ணா, ரெண்டு சக்கரம் குடு. பரிசோதனை முடிஞ்சதும் வேற தேடிக்கினு திருப்பிக் குடுத்துடறேன்” என்றேன்.

“மா...ட்டேன்” என்றான். அந்த ஒரு சொல்லை இழுத்துச் சொல்வதற்குள் எச்சில் வழிந்தது. அண்ணி துடைத்தாள்.

“சும்மாதான நிக்குது.”

“ஓட்...டுவேன்.”

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “யாரு, நீயா? ஸ்பூனைத் தூக்க முடியல, ஸ்டியரிங்கைத் தூக்கப் போறியா? நீ அதுல ஏறப்போறது இல்லண்ணா. ஒன்னைத்தான் அதுல ஏத்திக்கினு போவப் போறாங்க” என்றேன்.

சொன்னவுடன் எனக்கே அது அதிகம் என்று தெரிந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. அண்ணன் சுவரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தான். அழுவான் என்று நினைத்தேன். வாயின் நல்ல பாதி லேசாக மேலே போனது. சிரிக்கிறானா, வாதம் இழுக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆடு பகை, குட்டி உறவு என்பார்களே, நான் அண்ணியைப் பிடித்தேன். அண்ணி பயந்த சுபாவம். அண்ணன் ஓங்கின கைக்கும் பயப்படுவாள், ஓங்க முடியாமல் கிடக்கிற கைக்கும் பயப்படுவாள். அவளுடைய தம்பிதான் எங்கள் வண்டியில் லோடுமேன். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அவளை ஓரமாக அழைத்துப் போய், மரியாதையாகத்தான் சொன்னேன்.

“அண்ணி, கான்ட்ராக்ட் போனா எங்களுக்கு மட்டும் போவாதுங்க. ஒங்க தம்பி பொண்டாட்டி மாசமா இருக்குது. யோசிச்சுக்குங்க.”

“அவருக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரும்மா.”

“எழுந்து வந்தா கொல்லுவாரு?”

அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். “ஜன்னலாண்டயே இருக்காரே. சக்கரம் இல்லன்னா தெரியாதா?”

அதற்குத்தான் வழி வைத்திருந்தேன். எடுக்கப்போவது வெளிச்சக்கரம் இல்லை. உள்சக்கரம். ஜன்னலிலிருந்து பார்த்தால் வெளிச்சக்கரம் மட்டும்தான் தெரியும். வண்டியின் பின்புறம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிற்கிறது; குனிந்து பார்த்தாலொழிய யாருக்கும் தெரியாது. வெறும் வண்டி ஒற்றைச் சக்கரத்தில் நிற்கும். பாரம் ஏற்றினால்தான் ஆபத்து. யார் ஏற்றப் போகிறார்கள்?

“வெள்ளிக்கெழம தட்டணுமே” என்றாள் அண்ணி. “ஆறு சத்தம் கேக்கணும் அவருக்கு.”

“பின்னாடி வெளி டயரையே ரெண்டு ரெண்டு வாட்டி தட்டுங்க. ஆறு வந்துடும்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையை நான் அவளுக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவனைக் கை கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள். அண்ணியும் கூடப் போனாள். அவர்கள் ஆட்டோ பிளாக் முனை திரும்பியதும் நாங்கள் உள்ளே போனோம். என் வீட்டுக்காரர் ஜாக்கி வைத்துத் தூக்கினார். அண்ணியின் தம்பி நட்டைக் கழற்றினான். வெளிச்சக்கரத்தை எடுத்து, உள்சக்கரத்தை உருவி, வெளிச்சக்கரத்தை மறுபடி மாட்டி, இரண்டு பக்கமும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. நான் ஃப்ளெக்ஸ் துண்டை உள்சக்கரத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். ஆறு ஓட்டையும் நடு ஓட்டையும் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தன. மாமனாரின் நெற்றியும் தாடையும் அந்த இரும்பில் சந்தோஷமாக இருப்பதுபோல் எனக்குப் பட்டது. பரிசோதனையில் எங்கள் வண்டி பாஸ். பார்த்தவர், “இவ்ளோ பழைய வண்டிக்கு ஏழும் ஒரே செட்டா வச்சிருக்கீங்களே, பரவால்லியே” என்று சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை நானே போனேன். திருடனுக்கு வரும் தைரியம் அது. முன்னறையில் நாற்காலியைப் போட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே அண்ணி கழுவினாள், கற்பூரம் காட்டினாள், கம்பியை எடுத்தாள். முன்னால் ஒன்று, ஒன்று. பின்னால் இடது பக்கம் குனிந்து இரண்டு தட்டு. வலது பக்கம் குனிந்து இரண்டு தட்டு. அண்ணன் கண்ணை மூடியிருந்தான். ஆறாவது தட்டுக்குப் பிறகு சற்று நேரம் திறக்கவில்லை. அப்புறம் திறந்து என்னைப் பார்த்து, “ச...ரி” என்றான். காபி வந்தது. குடித்தான்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம். நான் மாதம் ஒருமுறை போவேன். ஊரில், தங்கச்சி மனசு மாறிவிட்டது, அண்ணன் படுத்த பிறகு பாசம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமையைக்கூட விடவில்லை. அண்ணிக்கு முதுகு வலி வந்தபோதும், காய்ச்சலாகக் கிடந்தபோதும் எழுப்பித் தட்டச் சொன்னான். ஒருமுறை நான் இருக்கும்போது, ஆறு தட்டு முடிந்ததும், “இன்...னொரு வாட்டி” என்றான். அண்ணி மறுபடி போய்க் குனிந்தாள். மறுபடியும் ஆறு. “இன்...னொரு வாட்டி” என்றான். படுக்கையில் கிடப்பவனுக்கு வேறு என்ன வேலை என்று நினைத்தேன். அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்து என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கோடையில் அவனுக்கு இரண்டாம் முறை அடித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பங்காளிகள் ஏழெட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நின்றபோது அவன் கையைக் காட்டி எல்லோரையும் கிட்டே வரச் சொன்னான். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னான். தன்னைத் தன் வண்டியில்தான் எடுத்துப் போக வேண்டும். வேறு வண்டி ஆகாது. பங்காளிகள் அத்தனை பேரும் தன் கூட அதில் ஏறி வர வேண்டும். வயதில் மூத்த பெரியப்பா மகன் அவன் கையைப் பிடித்து, “அப்படியே ஆவட்டும்டா” என்று வாக்குக் கொடுத்தார். அண்ணன் அவர்கள் தோள்களுக்கு நடுவே என்னைத் தேடிப் பார்த்தான். வாயின் நல்ல பாதி மேலே போனது.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. சாகப்போகிறவன் ஆசை என்றுதான் நினைத்தேன். அவன் போய்விட்டால் ராத்திரியோடு ராத்திரியாகச் சக்கரத்தை மாட்டிவிடலாம் என்று ஒரு கணக்கும் வைத்திருந்தேன். அவன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு இறந்தான். பத்து மணிக்கெல்லாம் குவார்ட்டர்ஸ் வாசலில் ஷாமியானா போட்டாயிற்று, மேளம் வந்தாயிற்று, பிளாக் முழுக்க ஜனம்.

நான் பெரியப்பா மகனிடம் போய், “எங்க வண்டியில எடுத்துக்கினு போவலாம்ண்ணா. பெருசா அலங்காரம் பண்ணலாம். இது ரொம்ப நாளா ஓடாத வண்டி” என்றேன்.

“கடைசி வாக்கும்மா. மீற முடியாது. பேட்டரி போட்டு இப்பதான் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தோம், நல்லாத்தான் இருக்குது” என்றார்.

மதியம் பூமாலை கட்டினார்கள். நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி அவனை வண்டிமேல் ஏற்றத் தயார் செய்தார்கள். பங்காளிகள் ஒவ்வொருவராக வண்டியில் ஏறினார்கள். நான்கு பேர், ஆறு பேர், பத்துப் பேர். பின் டயர் பிதுங்கியது. இருபது பேராவது ஏறுவார்கள் என்று தெரிந்தது. சுடுகாட்டுக்குப் போகும் வழியில் மேம்பாலம் ஒன்று இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். டயர் வெடித்தால் வெடிக்கட்டும், ஓடாத வண்டி என்று நான்தான் முன்பே சொன்னேனே என்று நின்றேன்.

“எறங்குங்க” என்று ஒரு குரல் கேட்டது. “எல்லாரும் எறங்குங்க. உள்சக்கரம் இல்ல.”

என் வீட்டுக்காரர். இருபத்தெட்டு வருடத்தில் கூட்டத்தில் அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“உள்சக்கரம் இல்லன்னா? எங்க போச்சு?” என்றார் பெரியப்பா மகன்.

என் வீட்டுக்காரர் தெரு முனையில் நின்ற எங்கள் வண்டியைக் கையால் காட்டினார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். ஜனம் முதலில் வண்டியைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. மேளக்காரர்களுக்கு விஷயம் தெரியாது. அவர்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தனை பேர் எதிரில், பிணத்தைக் காத்திருக்க வைத்துவிட்டு, எங்கள் வண்டியை ஜாக்கியில் தூக்கினார்கள். இரண்டு சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் வாயில் கை வைத்து நின்றார்கள். “படுத்துக் கெடந்தவன் சக்கரத்தை...” என்று யாரோ ஆரம்பித்தார்கள், வேண்டுமென்றே என் காதில் விழும்படி ஆரம்பித்தார்கள். வெயிலில் என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நட்டாக இறுக்கினார்.

எங்கே போவது என்று தெரியாமல் அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாவு வீட்டில் பெண்களுக்கு அது ஒரு வசதி; கட்டிப் பிடித்துக்கொண்டால் முகத்தை மறைத்துக்கொள்ளலாம். அண்ணி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒப்பாரி சொல்வாள் என்று பார்த்தேன். என் காதுக்குள் சாதாரணக் குரலில் பேசினாள்.

“மொத வெள்ளிக்கெழமையே தெரியுமாம் அவருக்கு. உள் டயரு கொரலே வேறயாம். முந்தாநேத்து ஆஸ்பத்திரில சொன்னாரு. தெரிஞ்சேதான் ஒரு வருசமா என்னைக் குனிய வச்சிருக்காரு. சொல்லிக் குடுத்தது நீ. கேட்டுக்கினு கெடந்தது அவரு. தட்டுனவ நானு.”

பாம்பின் கால் பாம்பறியும். ஏற்றிக்கொண்டுதான் போவார்கள் என்று நான் சொன்ன சொல்லை அவன் எடுத்து வைத்துக்கொண்டு, வருடம் முழுக்கத் தீட்டி, சரியாக என் கழுத்துக்கு வைத்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவினார்கள். தடவத் தடவ அது அழுகையாகவே மாறிவிட்டது. இந்த உலகத்தில் என்னை உள்ளும் புறமும் தெரிந்த ஒரே ஆள் அவன். அவனோடு சண்டை போட்டுத்தான் நான் வளர்ந்தேன். இனிமேல் எனக்குச் சமமாகக் கெட்டவன் யார் இருக்கிறான் என்று நினைத்து அழுதேன்.

பிளாக் முனையில் பெண்கள் நின்றுகொண்டோம். அதற்குமேல் பெண்கள் போவதில்லை. வண்டி அத்தனை பங்காளிகளையும் சுமந்துகொண்டு, நான்கு பின்சக்கரத்திலும் சமமாக உட்கார்ந்து, பாலத்தில் ஏறிப் போயிற்று.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அந்த வண்டியை யாரும் தொடக்கூடாது என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். கான்ட்ராக்ட் கொடுத்தவர்களிடம் கெஞ்சி, அதுவரை ஒரு வாடகை வண்டியை ஓட்டிக்கொள்ள அனுமதி வாங்கினோம். காரியம் முடிந்ததும் அண்ணியிடம் போய் நேராகக் கேட்டுவிடலாம், அவள் இல்லை என்று சொல்ல மாட்டாள், அவளுக்கு இல்லை என்று சொல்லவே தெரியாது என்பது என் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையோடு சும்மா இருந்திருக்கலாம். ஊர் வாயெல்லாம் என்னைப் பற்றியே இருந்த வாரம் அது. ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? என் வீட்டுக்காரர் ஏற்கெனவே வாசலில் படுக்க ஆரம்பித்திருந்தார். அண்ணியின் தம்பியைக் கூப்பிட்டு, “வாடகை வண்டிக்கு அவங்க ஆளே வரான். நீ ஒங்கக்கா வூட்டுக்கே போய்க்க” என்றேன். அவன், “கொழந்தைக்கு ஆறு மாசம்தான் ஆவுதுக்கா” என்றான். “அதுக்கு நான் என்னா பண்ணட்டும்?” என்றேன்.

பதினேழாம் நாள் காலை அண்ணி வீட்டுக்குப் போனேன். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அண்ணி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். வண்டிய வச்சிக்கினு நான் என்னா பண்ண?” என்றாள். நிமிர்ந்து நின்று சொன்னாள். அவள் அவ்வளவு உயரம் என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“எங்க குடுத்தீங்க?”

“வடலூர்ல. பழைய இரும்புக் கடையில. நேத்து காரியம் முடிஞ்ச கையோட குடுத்துட்டேன்.”

வடலூர்க் கடை எனக்குத் தெரிந்த கடைதான். வீட்டுக்கு ஓடி அந்த ஃப்ளெக்ஸ் துண்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வேறு வண்டியின் சக்கரத்தோடு கலந்துவிட்டிருந்தால் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எடுத்தேன். கடைக்காரர் என்னையும் மாமனாரையும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

“நீங்க தேடுன அதே டிஸ்க்குதாம்மா. பாத்ததும் ஒங்களைத்தான் நெனச்சேன்” என்றார். “முழுசா எடுத்துக்கறேன்னுதான் சொன்னேன். அந்தம்மா ஒத்துக்கல. சக்கரத்தை மட்டும் தன் கண்ணெதிர்ல கேஸ் கட்டர் வச்சு வெட்டணும்னு வெயில்ல நின்னுக்கினே இருந்துச்சி. ஆறையும் வெட்டுனப்புறந்தான் போச்சு.”

நான் ஃப்ளெக்ஸ் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குவியல் பக்கம் நடந்தேன்.

“இன்னொண்ணும்மா. டயரக் கழட்டறதுக்கு மின்னாடி ஒரு கம்பியால ஒவ்வொண்ணா தட்டிப் பாத்துச்சி. ஆறு வாட்டி. எதுக்குன்னே எனக்குப் புரியல.”

குவியலில் டிஸ்க்குகள் பாதி பாதியாகக் கிடந்தன. வெட்டின ஓரம் இன்னும் கருப்பாக இருந்தது. ஒரு பாதியை இழுத்துப்போட்டு ஃப்ளெக்ஸை அதன்மேல் விரித்தேன். மூன்று ஓட்டைகள் அச்சாகப் பொருந்தின. மற்ற மூன்றின் வழியாகத் தரை தெரிந்தது.